நரம்புக் கிரந்தியும் ஆய்வுகூடச் சான்றும்: ஒரு சோதனையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஆய்வுகூடத்திலிருந்து வரும் முடிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்னும் நம்பிக்கை படித்தோரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. 'உண்டு', 'இல்லை' என ஒரு சொல்லில் எழுதப்படும் அம்முடிவின் பின்னால் நீண்ட வரலாறொன்றும் தீராத தருக்கச் சிக்கலொன்றும் இருப்பது பொதுவாக உணரப்படுவதில்லை. சிபிலிசு எனப்படும் கிரந்திநோய் நரம்புத் தொகுதியைத் தாக்கியுள்ளதா என்பதை அறியும் சோதனைகள் இதற்குத் தக்க உதாரணமாகும். இலக்கிய மாணவருக்கும் இப்பிரச்சினை அந்நியமானதன்று. 1889 இல் நீட்சே சித்தங் கலங்கியபோது, அது இந்நோயின் விளைவான மூளைவாதம் என நிர்ணயிக்கப்பட்டது. அதனைச் சரிபார்க்கும் சோதனை எதுவும் அன்று இருக்கவில்லை; அந்நிர்ணயம் இன்றும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது.

1

நோய்க்கிருமி 1905 இல் இனங்காணப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஜேர்மனியில் வசர்மனும் அவர்தம் சகாக்களும் குருதிச் சோதனையொன்றை வெளியிட்டனர்; அதே ஆண்டில் மூளைவாத நோயாளரின் மூளைமுண்ணாண் பாய்பொருளிலும் அது பிரயோகிக்கப்பட்டது. நோயுற்றிறந்த சிசுவின் ஈரற்சாற்றை அவர்கள் பயன்படுத்தினர். அச்சாற்றிலுள்ள கிருமிப் பொருளுடனேயே நோயாளியின் பிறபொருளெதிரிகள் தாக்கமுறுகின்றன என்பது அவர்தம் கருத்து. ஆனால் நோயற்ற உறுப்புகளின் சாறும், மாட்டிதயச் சாறுங்கூட, அதே விளைவைத் தருவது விரைவில் தெரியவந்தது. கோட்பாடு வீழ்ந்தது, சோதனை நிலைத்தது. மாட்டிதயத்திலிருந்து 1941 இல் பிரித்தெடுக்கப்பட்ட கார்டியோலிப்பினே 1946 இல் உருவான வீ.டீ.ஆர்.எல். சோதனைக்கு ஆதாரமாயிற்று.

இம்முரண்பாட்டை ஆராய்ந்தவர் லுவோவ் நகர மருத்துவரான லுட்விக் பிளெக். தொடக்கத்தில் நோயாளருள் நூற்றுக்கு 15 முதல் 20 பேரையே காட்டிய முறை, பின்னர் 70 முதல் 90 பேரைக் காட்டும் நிலைக்கு உயர்ந்ததை 1935 இல் வெளிவந்த தமது நூலில் அவர் எடுத்துக்காட்டினார். இவ்வுயர்வு தனியொருவரின் மேதைமையால் வந்ததன்று. பெயரறியா ஆய்வுகூடத் தொழிலாளர் பலரின் கூட்டுப் பயிற்சியால் வந்தது.

2

சோதனையொன்றின் செம்மை இரு அளவுகோல்களால் மதிப்பிடப்படும். நோயுள்ளோரைத் தவறவிடாமை உணர்திறன். நோயற்றோரைத் தவறாகச் சுட்டாமை தனித்தன்மை. மூளைமுண்ணாண் பாய்பொருளில் வீ.டீ.ஆர்.எல். சோதனை தனித்தன்மை மிக்கது. பாய்பொருளில் குருதி கலவாதவிடத்து, 'உண்டு' என அது கூறினால் பெரிதும் நம்பலாம். அதன் உணர்திறனோ பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 70 வரையே எனக் கணிக்கப்படுகிறது. ஆகவே 'இல்லை' என்னும் விடை நோயின்மைக்குச் சான்றாகாது. கிருமிக்கே உரிய பிறபொருளெதிரியைத் தேடும் எவ்.ரி.ஏ. சோதனையின் இயல்பு இதற்கு மறுதலையானது. அது 'இல்லை' என்றால் நரம்புக் கிரந்தி இருத்தல் அரிது. 'உண்டு' என்றாலோ, குருதியிலிருந்து பாய்பொருளுக்குக் கசிந்த பிறபொருளெதிரியாகவும் அது இருக்கலாம். வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையும் புரத அளவும் துணைச்சான்றுகளே. எச்.ஐ.வி. தொற்றுடையோரில் அத்தொற்றே அக்கலங்களைப் பெருக்கக்கூடும்.

இவற்றினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. உணர்திறனைக் கணிப்பதற்கு, உண்மையில் நோயுடையோர் யாவர் என்பது முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். நரம்புக் கிரந்திக்கு அத்தகைய ஐயந்திரிபற்ற உரைகல் எதுவுமில்லை. ஆய்வாளர் சிலர் வீ.டீ.ஆர்.எல். முடிவையே நோயின் வரைவிலக்கணத்துள் சேர்த்துவிடுகின்றனர். அவ்வாறு சேர்த்தபின் அச்சோதனை நூற்றுக்கு நூறு தனித்தன்மை உடையதெனக் காண்பது புதிய அறிவன்று. வரைவிலக்கணத்தை மீண்டும் கூறுதலேயாம். சதவீதங்கள் நூலுக்கு நூல் வேறுபடுவதற்கு இதுவும் காரணமாகும்.

3

பிளெக் அறிவின் சமூகத் தன்மையை உணர்த்தினார். ஆனால் அந்த அறிவு யாருடைய உடல்களின் மேல் கட்டப்பட்டது என்னும் வினா அவரது ஆய்வுக்குள் போதிய இடம் பெறவில்லை. அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை 1932 இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களைக் கொண்டு ஆய்வொன்றைத் தொடங்கியது. அவர்களுள் 399 பேர் கிரந்தியுடையோர். பெரும்பாலோர் வறிய குத்தகை விவசாயிகள். இந்நோய் வெள்ளையரின் நரம்புத் தொகுதியையும் கறுப்பரின் இதயத்தையுமே பெரிதும் தாக்கும் என்ற இனவாதக் கருத்து அக்கால மருத்துவரிடையே நிலவியது. நரம்புத் தாக்கத்தை அறிய முண்ணாண் துளைப்புச் செய்யப்பட்டபோது, அது விசேட இலவசச் சிகிச்சை என்று அம்மனிதருக்குக் கூறப்பட்டது. பெனிசிலின் சிகிச்சை நாற்பதுகளின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்தபின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1972 இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்திய பின்பே ஆய்வு நிறுத்தப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து, விஞ்ஞான உண்மை என ஒன்றில்லை என்ற முடிவுக்கு நாம் வரவேண்டியதில்லை. கிருமி உண்டு, பெனிசிலின் அதனை அழிக்கிறது. சிந்தனையின் உண்மை நடைமுறையிலேயே நிறுவப்படும் என மார்க்ஸ் 1845 இல் வற்புறுத்தினார். வசர்மன் சோதனையின் வரலாறு அதற்கு அரண் செய்கிறது. ஆயின், நடைமுறை என்பது வர்க்கமும் இனமும் அற்ற வெற்றிடத்தில் நிகழ்வதன்று. சோதனை எத்துணைச் செம்மையானது என்ற வினாவுடன், அது யாருக்காக, யாருடைய சம்மதத்துடன் செய்யப்பட்டது என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். நோய் நிர்ணயத்துக்குப்பின் மருந்தும் கிடைத்தாலன்றி, செம்மையான சோதனையாலும் நோயாளிக்குப் பயனில்லை.