லாரி லிப்ட் பாதியில் நிற்கிறதா? மோட்டார் மேல் பழி போடாதீங்க!

உப்புக் காற்று செய்யும் வேலை

புதுச்சேரி, உப்பளம்:

லாரிக்குப் பின்னால் ஒரு இரும்புத் தட்டு. பீரோ, பிரிட்ஜ், சிலிண்டர் எதுவானாலும் அதில் வைத்து பட்டனை அமுக்கினால் போதும். சரக்கு தானாக மேலே போகும். நாலு பேர் தோள் கொடுக்க வேண்டிய வேலையை ஒரு பட்டன் முடித்துவிடும்.

அந்தத் தட்டு பாதி வழியில் நின்றுவிட்டால்? கடை வாசலில் கூட்டம் கூடும். பின்னால் வந்த வண்டிகள் ஆரன் அடிக்கும். "மோட்டார் போயிடுச்சு, மாத்திடுங்கண்ணே" என்பார் ஒருவர். "பேட்டரி வீக்கு" என்பார் இன்னொருவர்.

இரண்டையும் மாற்றிய பிறகும் தட்டு அசையாமல் நிற்பது உண்டு. பணம் போனது போனதுதான். பல நேரங்களில் உண்மையான குற்றவாளி, யாரும் திரும்பிப் பார்க்காத எர்த்து ஒயர்!

பச்சைக் களிம்பு

பேரிலேயே உப்பு இருக்கிற ஊர் உப்பளம். கிழக்கே கடல். காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். செம்பு ஒயரில் பச்சைக் களிம்பு ஏற்றும்.

லிப்ட் ஒயர்கள் ஓடுவதோ வண்டிக்கு அடியில். டயர் வாரி அடிக்கிற சேறு, தண்ணீர் எல்லாம் அங்கேதான்.

2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தெருவில் தேங்கிய வெள்ளத்தில் வண்டிகள் மூழ்கின. அப்படி நனைந்த இணைப்புகள் அன்றைக்கே கெடுவதில்லை. மாதக்கணக்கில் உள்ளுக்குள் அரித்து, ஒருநாள் காலை வாரும்.

3 வோல்ட் 'அபேஸ்'

லிப்ட் மோட்டார் பெரிய தீனிக்காரன். எண்ணெய் பம்பைச் சுற்றும்போது 150 ஆம்பியர்கூட இழுக்கும். அவ்வளவு மின்சாரம் போகிற பாதையில், களிம்பினால் வெறும் 0.02 ஓம் தடை வந்தாலே ஆபத்து.

ஜெர்மனி விஞ்ஞானி ஓம் 1827-ல் வெளியிட்ட கணக்குதான். 150-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 3 வோல்ட். 12 வோல்ட் வண்டியில் கால் பங்கு வழியிலேயே அபேஸ்! மோட்டார் முனகும், தட்டு நகராது. காணாமல் போன அந்த 3 வோல்ட், 450 வாட் சூடாக மாறி இணைப்பைச் சுடவைக்கும்.

எப்படிப் பிடிப்பது?

ஒரு மல்டிமீட்டர் போதும்.

முதலில் பேட்டரி. முழு சார்ஜில், சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 24 வோல்ட் லாரி என்றால் 25.2.

அடுத்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பட்டனை அமுக்கும்போது 'டக்' என்ற சத்தமே இல்லையா? பியூஸ், சுவிட்ச், மெல்லிய ஒயர், சோலினாய்டு ஆகியவற்றைப் பாருங்கள். 'டக்' கேட்டும் மோட்டார் சுற்றவில்லையா? தடித்த ஒயர், சோலினாய்டின் உள்முனை, எர்த்து இவற்றின் மேல்தான் சந்தேகம்.

இப்போது எர்த்து பரீட்சை. மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில். இன்னொரு முனை மோட்டார் உடம்பில், பெயிண்ட் இல்லாத இடத்தில். உதவியாளர் 'அப்' பட்டனை அமுக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்து சரியில்லை. பிளஸ் பக்கமும் இதே மாதிரி பார்க்கலாம்.

மருந்து? போல்ட்டைக் கழற்றி, பளபளவென்று ஆகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். உப்பு கெடுத்ததை உப்புத்தாள் சரிசெய்யும்!

தட்டு மேலே போகிறது, கீழே வரவில்லை என்றால் கதை வேறு. பல லிப்ட்களில் இறங்குவதற்கு மோட்டார் வேலை செய்வதில்லை. வால்வு திறந்தால் தன் எடையிலேயே இறங்கும். எனவே வால்வு காயிலையும் அதற்குப் போகும் ஒயரையும் பார்க்க வேண்டும்.

உயிர் முக்கியம்

தூக்கி நிற்கும் தட்டுக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். வால்வு திறந்தால் இரும்பு அப்படியே இறங்கும். முட்டுக் கொடுத்த பிறகே கிட்டே போக வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்கும்போது தட்டு காலியாக இருக்கட்டும். சுற்றி ஆள் வேண்டாம்.

ஒயரைக் கழற்றுமுன் பேட்டரியின் மைனஸை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பியூஸ் போனால் செம்புக் கம்பி சுற்றி ஓட்டுகிற பழக்கம் வேண்டாம். அடுத்து எரிவது ஒயர், அதற்கடுத்து வண்டி.

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் ஒருமுறை எர்த்து போல்ட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினால் கால் மணி நேர வேலை. மோட்டார் கடைக்குப் போவதெல்லாம் அதற்கப்புறம்.