கல்லூரி அணிநடை இசைக்குழுக்களின் இடைவேளை நிகழ்ச்சி

கல்லூரி இடைவேளை நிகழ்ச்சி என்பது ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையே நடைபெறும் அமெரிக்கக் காற்பந்தாட்டப் போட்டிகளில், ஆட்டத்தின் இரு பாதிகளுக்கும் நடுவே, அணிநடை இசைக்குழு (மார்ச்சிங் பேண்டு) ஆடுகளத்தில் நடந்தவாறே இசைத்து வழங்கும் நிகழ்ச்சி ஆகும். இக்குழுக்களைப் பற்றியும் அவற்றில் சேரும் மாணவர்களைப் பற்றியும் அமெரிக்கச் சமூகத்தில் பல முன்முடிவுகள் நிலவுகின்றன. அவற்றுட் சில வெறும் கேலி. சில இன ஒதுக்கலோடு தொடர்புடையவை.

வரலாறு

இக்குழுக்கள் படைத்துறை இசைக்குழுக்களின் வழிவந்தவை. சீருடை, வரிசை நடை, முன்னின்று நடத்தும் 'டிரம் மேஜர்' ஆகியன அம்மரபின் எச்சங்கள் ஆகும். 1907 ஆம் ஆண்டில் இலினொய் பல்கலைக்கழகக் குழு நடத்திய நிகழ்ச்சியே முதலாவது இடைவேளை நிகழ்ச்சி எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அதே ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகக் குழுவினர் களத்தில் 'பி' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் நின்றனர். 1936 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு தன் மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் நடந்தே எழுதிக் காட்டியது. அதில் 'ஐ' எழுத்தின் புள்ளியாகச் சூசாபோன் இசைப்பவர் ஒருவர் சென்று நிற்பது பெரும் மதிப்புக்குரியதாகக் கருதப்படுகிறது.

பல பல்கலைக்கழகங்களின் குழுக்களில் நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே இருந்தனர். கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாட்டைத் தடை செய்த 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இந்நிலை மாறியது. ஒகையோ குழுவில் பெண்கள் முதன்முதலாக 1973 இல் இடம்பெற்றனர்.

இயங்குமுறை

ஆடுகளத்தில் ஐந்து கெசத்துக்கு ஒரு கோடு இடப்பட்டிருக்கும். அத்தொலைவை எட்டு அடிவைப்புகளில் கடப்பதே பரவலான அளவு ஆகும். அதன்படி ஓர் அடிவைப்பு 22.5 அங்குலம் ஆகும். ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்தை வரைபடத்தின் துணையுடன் மனனம் செய்து, இசைக்குறிப்பையும் பாராமல் வாசிக்க வேண்டும். ஒருவர் ஓரடி தவறினாலும் மேலிருந்து பார்ப்போருக்கு முழு வடிவமும் கோணலாகத் தெரியும்.

நடைமுறைகள் பல வகைப்படும். பாதத்தைத் தாழ்வாக உருட்டி நடப்பது ஒருவகை. இது இசைக்கருவி அசையாதிருக்க உதவுகிறது. தொடையை நிலத்துக்கு இணையாக உயர்த்தி, நடனத்தோடு நடப்பது மற்றொரு வகை. இது கறுப்பினத்தவருக்கென நிறுவப்பட்ட கல்லூரிகளில் சிறப்பாகப் பயிலப்படுகிறது. இசுட்டான்போர்டு போன்ற சில பல்கலைக்கழகங்களின் குழுக்கள் ஒழுங்கான நடையைக் கைவிட்டு, ஓடிக் கலைந்து, நையாண்டி செய்கின்றன. 1982 இல் கலிபோர்னியா அணிக்கு எதிரான போட்டியில், ஆட்டம் முடிந்துவிட்டதாக எண்ணி இசுட்டான்போர்டு குழு களத்தில் இறங்கிவிட்டது. கலிபோர்னியா வீரர் அவர்களுக்கு ஊடே ஓடி வெற்றிப் புள்ளியை எடுத்தார்.

முன்முடிவுகள்

இசைக்குழு மாணவர் கூச்ச சுபாவமும் விந்தைப் போக்கும் உடையவர், உடல் வலுவற்றவர் என்பது மிகப் பரவலான முன்முடிவு ஆகும். உயர்நிலைப் பள்ளி மாணவரைப் பற்றிய 'அமெரிக்கன் பை' (1999) திரைப்படம் இக்கேலியை மேலும் பரப்பியது. டிரம்பெட் வாசிப்போர் செருக்குடையோர், புல்லாங்குழல் வாசிப்போர் அமைதியானோர், முரசு அடிப்போர் தம்மைத் தனிக்குழுவாக எண்ணுவோர் எனக் குழுக்களுக்கு உள்ளேயும் கேலிகள் உண்டு.

இடைவேளை என்பது சிற்றுண்டி வாங்கும் நேரம் என்பது இன்னொரு கருத்து. கறுப்பினக் கல்லூரிகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கு இடைவேளைக்காகவே வந்து, அது முடிந்ததும் எழுந்து செல்லும் பார்வையாளர் பலர். இக்குழுக்கள் ஆட்டம் காட்டுமே தவிர நுண்ணிய இசை அறியா என்ற கருத்தும் நிலவி வந்தது. இதற்குப் பின்னால் நீண்ட ஒதுக்கல் உள்ளது. வில்லியம் பி. பாசுடர் கேன்சசு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, கறுப்பினத்தவருக்கு இசை நடத்துனர் பணி கிடையாது என்று அவரிடம் கூறப்பட்டது. அவரே 1946 இல் புளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் 'மார்ச்சிங் 100' குழுவை உருவாக்கினார். அக்குழு 1989 இல் பாரிசில் நடந்த பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு அணிவகுப்பில் பங்கேற்றது. கிராம்பிலிங் மாநிலப் பல்கலைக்கழகக் குழு 1967 இல் முதலாவது சூப்பர் பவுல் போட்டியில் இசைத்தது. டென்னசி மாநிலப் பல்கலைக்கழகக் குழு தன் இசைத்தொகுப்புக்காக 2023 இல் கிராமி விருது பெற்றது.

பகடிவதை

இவர்கள் தீங்கற்ற கேலிப்பாத்திரங்கள் என்ற எண்ணம் ஓர் உண்மையையும் மறைத்தது. சில குழுக்களில் புதியவர்களை அடித்துத் துன்புறுத்தும் பகடிவதை (ராகிங்) மரபு என்ற பெயரில் தொடர்ந்தது. 2011 நவம்பரில் ஒர்லாண்டோ நகரில், போட்டி முடிந்தபின் பேருந்தில் சக மாணவர்கள் தாக்கியதில் 'மார்ச்சிங் 100' குழுவின் டிரம் மேஜர் ஒருவர் உயிரிழந்தார். தாக்கியோர் மீது குற்றவழக்குகள் தொடரப்பட்டன. பல்கலைக்கழகத் தலைவர் 2012 இல் பதவி விலகினார். இடைநிறுத்தப்பட்ட குழு 2013 இல்தான் மீண்டும் களம் இறங்கியது. குழுவின் புகழுக்குக் காரணமான கட்டுப்பாடும் மூத்தோருக்குப் பணிதலும் கொடுமைக்கும் மறைவிடம் ஆகக்கூடும் என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.