மர டைல்ஸ் வீடு முழுக்க வேண்டாம்

திருச்சியில் பாலக்கரை, வரகனேரி பக்கத்துப் பழைய தெருக்களில் பல வீடுகள் ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்பட்டவை இல்லை. தாத்தா காலத்தில் கீழ்த்தளம், அப்பா காலத்தில் முதல் மாடி, இப்போது அதன் மேல் ஓர் அறை என்று தலைமுறைக்கு ஒரு தளமாக உயர்ந்தவை. அதனால் ஒரே வீட்டுக்குள் சிவப்புக் காவித் தரையும் மொசைக்கும் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸும் ஏற்கெனவே கூடி வாழ்கின்றன. இந்த வரிசையில் கடைசியாக வந்திருப்பது மரப்பலகை போலத் தோன்றும் டைல்ஸ். வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் சதுர அடி விலையையும் பார்க்கிறார்கள். அது முடிகிற இடத்தில் எந்தத் தரை தொடங்குகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. மர டைல்ஸ் நன்றாக அமைவதும் கெடுவதும் அந்த எல்லையில்தான். வீட்டின் ஒரு பகுதியோடு அது நிற்க வேண்டும், பக்கத்தில் ஓர் அமைதியான தரை இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய வீடுகளில் அந்த அமைதியான தரையைக் கடையில் தேட வேண்டியதே இல்லை.

முதலில், இந்த டைல்ஸ் நம் ஊருக்குப் பொருந்துமா? பொருந்தும், அதுவும் நல்ல காரணத்தோடு. தமிழ்நாட்டு வீடுகளில் மரம் தூணாக, கதவாக, மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்கும் உத்தரமாக இருந்தது. காலுக்குக் கீழே அநேகமாக இருந்ததில்லை. கரையான், மழைக்காலத்து ஈரம், தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கும் வழக்கம் ஆகிய மூன்றும் மரத்தரைக்கு எதிரிகள். குளிர் நாடுகளில் மரத்தரையை விரும்புவது அது காலைச் சில்லிட வைக்காது என்பதற்காக. மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் திருச்சியில் நமக்கு வேண்டியது நேர் எதிரானது. மர டைல்ஸ் என்பது சுட்ட களிமண்தான். மேலே இருக்கும் மர ரேகை இங்க்ஜெட் முறையில் அச்சிட்டது. நல்ல விட்ரிஃபைட் வகை தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. கண்ணுக்கு மரம், காலுக்குக் கல் என்ற இந்தச் சேர்க்கை இந்த ஊர் வெயிலுக்கு ஏற்றது.

ஆனால் வீடு முழுக்கப் போட்டால் இரண்டு சிக்கல்கள் வருகின்றன. பாலக்கரையிலும் சரி, ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதிகளிலும் சரி, பழைய மனைகள் பெரும்பாலும் அகலம் குறைந்து உள்ளே நீண்டு போகிறவை. பலகை டைல்ஸ் வழக்கமாக 20 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. வாசலிலிருந்து கொல்லை வரை அதை நீளவாக்கில் ஓடவிட்டால் வீடு ரயில் பெட்டி போல மேலும் ஒடுங்கித் தெரியும். இன்னொன்று அச்சின் திரும்பத் திரும்ப வரும் தன்மை. ஒரு டிசைனில் சில ரேகை அச்சுகள்தான் இருக்கும். சிறிய படுக்கையறையில் அது தெரியாது. பெரிய கூடத்தில் ஒரே முடிச்சு, ஒரே வளைவு பத்து இடத்தில் வந்து நிற்கும்போது ஏமாற்று வெளிப்பட்டுவிடும். பூஜை அறை வாசலிலும் கூடத்திலும் இழைக்கோலம் போடுகிற வீடுகளுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. காவித் தரையில் மாக்கோலம் எழுந்து நிற்கும்; ரேகை ஓடும் தரையில் அது கரைந்துபோகும். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

பழைய வீட்டில் இடத்துக்கு இடம் தரை மாறியது. முற்றத்தில் தண்ணீர் தாங்கும் கல், கூடத்தில் வழுவழுப்பான காவி, கொல்லைப் பக்கம் சொரசொரப்பான தளம். புழக்கம்தான் தரையைத் தீர்மானித்தது. அதே கணக்கில் மர டைல்ஸுக்கு உரிய இடம் படுக்கையறை, படிக்கும் அறை, மேல்மாடி அறை. கூடத்திலும் சமையலறையிலும் வேறு தரை இருக்கட்டும். எது வேறு தரை? ஒன்றில் ரேகை பேசினால் மற்றது பேசாமல் இருக்க வேண்டும். ஒரே நிறத்தில் விரியும் காவித் தரை இதற்கு மிகச் சிறந்த துணை. மங்கலான சாம்பல் பழுப்பு மர டைல்ஸோடு அதன் சிவப்பு அழகாக நிற்கும். மொசைக்கில் சில்லுகள் இருந்தாலும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் ஒரே நிறமாகத்தான் தெரியும், ஆகவே அதுவும் ஒத்துப்போகும். கறுப்புக் கடப்பாவும் அப்படியே. நரம்போடிய மார்பிள் தோற்ற டைல்ஸ் பக்கத்தில் வந்தால் இரண்டு அச்சுகளும் மோதிக்கொள்ளும். ஆத்தங்குடித் தரை பூவும் கட்டமுமாக இருப்பது. அதைக் கூடத்தில் வைத்து, நடுவில் ஒரு வாசற்கல்லைக் கொடுத்து, அறைக்குள் மர டைல்ஸைத் தொடங்கலாம். ஒரே அறையில் இரண்டையும் சேர்க்கக் கூடாது. தேக்குக் கதவும் நிலையும் உள்ள வீட்டில் தேக்கு நிற டைல்ஸைத் தவிர்ப்பது நல்லது. நிஜ மரத்தின் அருகே அதே நிறத்து அச்சு தோற்றுப்போகும். இரண்டு மூன்று படி வெளிறிய நிறம் தப்பித்துக்கொள்ளும்.

நிறத்தைவிட அதிகம் சறுக்குவது மட்டத்தில். பலகை டைல்ஸ் சுமார் 9 மில்லிமீட்டர் கனம். பழைய தரையின் மேலேயே பசை போட்டு ஒட்டினால் பசையோடு சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தரை உயரும். கதவின் அடியை இழைக்க வேண்டிவரும், வாசலில் கால் இடறும் ஒரு மேடு உருவாகும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் அந்த மேடு ஆபத்து. இரு தரையும் சேரும் கோடு, கதவைச் சாத்தினால் அதற்கு நேர் கீழே வர வேண்டும். அங்கே சரிவான வாசற்கல்லோ பித்தளைப் பட்டியோ வைத்தால் உயர வித்தியாசம் காலை இடறாது. பலகைகளைச் செங்கல் கட்டுப் போலப் பாதிக்குப் பாதி மாற்றி அடுக்குவதும் தவறு. நீளமான டைல்ஸ் சூளையில் சற்றே வில்லாக வளைகிறது. ஒன்றின் நடு மேடும் அடுத்ததன் தாழ்ந்த முனையும் சந்திக்கும் இடத்தில் விளிம்பு தூக்கி நிற்கும். அதனால்தான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளி வைக்கக் கூடாது என்று அமெரிக்க டைல்ஸ் தரவிதிகள் சொல்கின்றன. வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவதையும் தடுக்க வேண்டும். விட்ரிஃபைட் அதைத் தாங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் காவி, மொசைக், ஆத்தங்குடி மூன்றும் சிமெண்ட் தரைகள். ஐம்பது வருட மெருகை ஒரு வாளி ஆசிட் தின்றுவிடும்.

இரண்டு தரை போட்டால் சின்ன வீடு துண்டு துண்டாகத் தெரியும் என்பார்கள். திறந்தபடி இருக்கும் கூடத்துக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் அது உண்மை. அங்கே ஒரே தரைதான் சரி. கதவுள்ள அறைக்கு அந்த நியாயம் பொருந்தாது, ஏனென்றால் அங்கே சுவரே இடத்தைப் பிரித்துவிட்டது. போலி மரம் எதற்கு என்ற கேள்வியும் வருகிறது. இன்று மரபு என்று நாம் கொண்டாடும் ஆத்தங்குடிக் கல்லும் செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த வெளிநாட்டுத் தரைகளைப் பார்த்து உள்ளூர் மணலில் பிறந்ததுதான். போலச் செய்வது குறையில்லை, பொருந்தாமல் செய்வதே குறை. சொரசொரப்பில் அழுக்கு தங்கும் என்ற புகார் மட்டும் முழுக்க நியாயமானது. ஆழமான ரேகைப் பள்ளங்கள் உள்ள டைல்ஸ் தெருப்புழுதி நேராக வந்து விழும் கீழ்த்தள முன்னறைக்கு ஆகாது. அங்கே பழைய காவியையே மெருகேற்றி வைத்துக்கொள்ளலாம். செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில்: நல்ல நிலையில் உள்ள மொசைக்கை உடைத்து அள்ளும் கூலியும் இடிபாட்டை ஏற்றும் வண்டிச் செலவும் மிச்சமாகும். அந்தப் பணத்தில் மாடி அறைக்குக் கூடுதலாகப் பத்து சதவீதம் டைல்ஸ் வாங்கி வைக்கலாம். பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். பின்னால் ஒரு பலகை உடைந்தால் அதே நிறம் மறுபடி கிடைப்பது அரிது.