டக்ட் டேப்: நிலவு வரை போன ஒட்டு... நம்ம வீட்டில் எங்கே ஒட்டக் கூடாது?

கடையநல்லூரில் யாராவது வளைகுடாவுக்குக் கிளம்புகிறார்கள் என்றால், முதல் நாள் இரவே அந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்கும். 'சர்ர்ர்ர்...' அட்டைப் பெட்டியைச் சுற்றி டேப் இழுக்கிற சத்தம். உள்ளே மசாலாத் தூள், ஊறுகாய், முறுக்கு. மேலே பெயர், ஊர், போன் நம்பர். வழியில் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் இரண்டு சுற்று. துபாயிலோ தம்மாமிலோ இறங்கும் வரை நம்ம மானம் அந்த டேப்பின் கையில்தான்!

அந்த பிரவுன் கலர் டேப் சாதாரண பேக்கிங் டேப். பெட்டிக்கு அது போதும். ஆனால் விரிசல் விட்ட பக்கெட், கிழிந்த தார்பாய், தையல் பிரிந்த டிராலி பேக் என்று வந்தால், சாம்பல் கலரில் தடிமனாக இருக்கும் டக்ட் டேப்பைத்தான் தேடுகிறோம். ஒட்டியதும் 'வேலை முடிஞ்சுது' என்று மறந்தும் விடுகிறோம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏன்?

அப்படி என்ன இருக்கிறது அதில்?

மூன்று அடுக்குகள். மேலே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் படலம். இது தண்ணீரை உள்ளே விடாது. நடுவில் வலை போன்ற துணி. இழுத்தால் தாங்குவது இதுதான். நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், கத்தரிக்கோல் இல்லாமல் கையாலேயே நேராகக் கிழிக்கலாம். அடியில் ரப்பர் கலந்த பசை.

இந்தப் பசைக்கு அழுத்தம் மட்டும் போதும். அழுத்தும்போது கெட்டியான திரவம்போல மெல்லப் பரவி, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை நிரப்பும். பிரிக்க இழுத்தால் திடப்பொருள்போல எதிர்த்து நிற்கும். அதனால்தான் ஒட்டியதும் விரலால் நன்றாகத் தேய்க்க வேண்டும். தூசி, எண்ணெய், ஈரம் மூன்றும் இதற்கு எதிரிகள். குற்றாலச் சாரல் அடிக்கும் நேரத்தில் நனைந்த தகரத்தின் மேல் ஒட்டினால் நிற்காது.

ஒரு அம்மா எழுதிய கடிதம்

கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் வெஸ்டா ஸ்டவுட். அவருடைய மகன்கள் இரண்டு பேர் கடற்படையில் இருந்தார்கள். தோட்டாப் பெட்டிகளைக் காகித டேப்பால் ஒட்டி, மெழுகில் முக்கி அனுப்புவது அங்கே வழக்கம். பெட்டியைத் திறக்க இழுக்கும் காகித நுனி பாதியிலேயே கிழிந்துவிடும். எதிரி சுடும்போது வீரன் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

'துணி டேப் போடலாமே' என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். வேலைக்காகவில்லை. 1943 பிப்ரவரியில் நேராக அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதிவிட்டார், படம் வரைந்து! அது போர் உற்பத்தி வாரியத்துக்குப் போய், யோசனை ஏற்கப்பட்டது. தயாரிக்கும் பொறுப்பு ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. போர் முடிந்ததும் அதே டேப் வீடுகளில் காற்று செல்லும் குழாய்களை, அதாவது 'டக்ட்'களை, இணைக்கப் பயன்பட்டது. பச்சை நிறம் வெள்ளி நிறமானது.

நிலவில் ஒரு பஞ்சர் வேலை

1970 ஏப்ரல். அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூன்று வீரர்களும் நிலவில் இறங்க வைத்திருந்த சிறிய கலத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அது இரண்டு பேருக்கானது. அவர்கள் விடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு உள்ளே சேர ஆரம்பித்தது. அதை உறிஞ்சும் கூடுதல் வடிகட்டிகள் தாய்க்கலத்தில் இருந்தன. ஆனால் அவை சதுரம், இங்கே பொருத்த வேண்டிய இடம் வட்டம்! பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், இவற்றோடு டேப். பூமியிலிருந்து சொல்லச் சொல்ல ஒட்டினார்கள். மூவரும் உயிரோடு திரும்பினார்கள்.

1972 டிசம்பரில் அப்போலோ 17. நிலவில் ஓட்டிய ரோவரின் மட்கார்டு உடைந்தது. முதலில் போட்ட டேப் நிற்கவில்லை. காரணம்? தூசி! பிறகு நான்கு வரைபடத் தாள்களை டேப்பால் ஒன்றாக ஒட்டி, அதை மட்கார்டாகக் கிளிப் போட்டு மாட்டினார்கள். மிச்சப் பயணம் முழுக்க அது தாங்கியது.

கவனியுங்கள். இரண்டு இடத்திலும் அந்த ஒட்டு தாங்க வேண்டியிருந்தது சில நாட்கள் மட்டும்தான்.

பெயரில்தான் 'டக்ட்'

1998-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், காற்றுக் குழாய்களை அடைக்கும் பல பொருள்களைச் சூட்டில் வைத்துப் பரிசோதித்தது. மோசமாகத் தோற்றது எது தெரியுமா? துணி வைத்த, ரப்பர் பசை கொண்ட டக்ட் டேப்தான்! தொடர்ந்து சூடு பட்டால் பசை காய்ந்து பிடியை விட்டுவிடுகிறது. நம்ம ஊர் மொட்டை மாடி வெயிலுக்கும் இதே கதைதான்.

எங்கே ஒட்டலாம்?

தார்பாய்க் கிழிசல், பிரிந்த பை, உடைந்த துடைப்பப் பிடி, பக்கெட் விரிசல். எல்லாமே ஓகே. இடத்தைத் துடைத்துக் காயவைத்து ஒட்டுங்கள். பிரித்த பிறகு பிசுபிசுப்பு இருந்தால், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள்.

எங்கே கூடவே கூடாது?

கரண்ட் வயர்: டக்ட் டேப் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல. சூட்டில் பசை இளகும், துணியும் பிளாஸ்டிக்கும் தீப்பிடிக்கும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உறை கிழிந்த வயரை மாற்றுவதுதான் நல்லது.

கேஸ் டியூப்: விரிசல் கண்டால் ஒட்டவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். சுரக்ஷா டியூபையே 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

ஹெல்மெட்: விரிசல் விட்டால் அதன் வேலை முடிந்தது. டேப் விரிசலை மறைக்கும், தலையைக் காப்பாற்றாது.

டக்ட் டேப் நமக்கு வாங்கித் தருவது கொஞ்சம் நேரம். அந்த நேரத்தில் சரியான ரிப்பேரைச் செய்துவிட வேண்டும். அதனால் ஒரு சின்ன பழக்கம்: ஒட்டியதும் அதன் மேலேயே மார்க்கரால் தேதியை எழுதிவிடுங்கள். வளைகுடா பெட்டியில் பெயர் எழுதுவது போலத்தான். அடுத்த மாதம் கண்ணில் படும்போது, 'இன்னும் மாத்தலையா?' என்று அதுவே கேட்கும்.