இடிமுகிலும் வான்வழியும்

கச்சான் ஓய்ந்து வாடை தலைகாட்டுமுன் வருவது ஐப்பசி. அந்நாள்களிற் கல்முனைக் கடற்கரையில் நிற்போர் மேற்றிசையையே நோக்குவர். நண்பகல்வரை வெயில் காயும். பிற்பகலிலோ உள்நாட்டின்மேல் முகில் மலையென எழும். அதன் கறுப்பைக் கண்ட அளவிலே கரைவாழ் மக்கள் தோணியை மேலேற்றுவர்.

சென்ற ஐப்பசியில் எம் அயல்வீட்டுத் தாயொருவர், வளைகுடா நாட்டிலிருந்து மூன்றாண்டு கழித்து மீளும் மகனை எதிர்கொள்ளக் கட்டுநாயக்காவுக்குச் சென்றிருந்தார். பிற்பகலில் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

"இஞ்ச மழை விட்டுப்போச்சு சேர். பிளேன் ஏன் மத்தளைக்குப் போச்சு?"

தாயின் இவ்வினாவிலே ஒரு கலையின் அருமை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

முகிலுக்குக் கொண்மூ என்பதும் ஒரு பெயர். நீரைக் கொண்டது என்பது பொருள். இடிமுகிலோ நீரை மட்டுமா கொள்கின்றது? வெம்மையுற்ற ஈரக்காற்று விரைந்து மேலெழ, அதனொடு பனிக்கட்டியும் மின்னேற்றமும் பெருங்கொந்தளிப்பும் அதனுள்ளே திரள்கின்றன. எம்போன்ற வெப்ப நாடுகளில் அது 16 கிலோமீற்றர் உயரமும் எட்டவல்லது. பயணிகள் விமானம் பறப்பதோ ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில். ஆதலின், அதற்கு மேலாகத் தாண்டிச் செல்லல் அரிது. விலகிச் செல்லலே வழி.

தரையிறங்கும்போது நேரும் இடர் இன்னும் பெரிது. முகிலிலிருந்து வீழும் குளிர்காற்று நிலத்தில் மோதி நாற்றிசையும் சிதறும். அதனுட் புகும் விமானம் முதலில் எதிர்காற்றால் உயர்த்தப்பட்டு, மறுகணமே பின்காற்றால் தாங்கலிழந்து தாழும். 1975ஆம் ஆண்டு நியூயோர்க்கில் 113 பேர் மாண்ட விபத்தினை ஆராய்ந்து இவ்வுண்மையை உலகுக்கு விளக்கியவர், யப்பானிற் பிறந்த அறிஞர் புஜிற்றா. 1985இல் டலஸ் நகரில் 137 உயிர்கள் அவ்வாறே அழிந்தன. அதன் பின்னரே அத்தகு காற்றினைக் கண்டறியும் கருவிகள் அமெரிக்க விமான நிலையங்களிற் பெருகின.

இனி, முன்னறிவிப்பின் அருமையைக் காண்போம். விமான நிலையத்துக்குரிய முன்னறிவிப்பு 24 அல்லது 30 மணி நேரத்துக்கு எழுதப்படுகின்றது. தனியொரு இடிமுகிலின் வாழ்நாளோ பெரும்பாலும் ஒரு மணியளவே. வளைகுடாவிலிருந்து கொழும்புக்கு நாலைந்து மணிப் பயணம். விமானம் புறப்படும் வேளையில், அதனை மறிக்கப்போகும் முகில் பிறந்திருப்பதேயில்லை! ஆதலின் அறிவிப்பாளர், "இடி நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு 30" என்றோ "40" என்றோ குறிப்பர். அதனை நோக்கியே மேலதிக எரிபொருள் ஏற்றப்படும். மாற்று நிலையம் குறிக்கப்படும். வரும் விமானங்களின் இடைவெளி வகுக்கப்படும். மிகுத்துச் சொன்னால் எரிபொருள் வீண். குறைத்துச் சொன்னால் உயிருக்கு ஊறு. அருகில் வந்த பின்னரே, ராடாரும் செய்மதியும் காட்டும் முகிலைக் கண்டு, அடுத்த சில மணிகளுக்குத் திட்டமாய்ச் சொல்லல் கூடும்.

இலங்கையிற் புத்தளத்திலும் எம் மாவட்டத்துப் பொத்துவிலிலும் தொப்ளர் ராடார் அமைப்பதற்கு 2017ஆம் ஆண்டு யப்பானுடன் நன்கொடை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அத்தகைய கண்ணொன்று கிழக்குக் கரைக்கு வேண்டுவது விமானத்தின் பொருட்டு மட்டுமன்று. வயலில் நிற்கும் உழவனுக்கும் கடலில் நிற்கும் மீனவனுக்கும் மின்னல் ஒன்றே. அவர்க்கோ மாற்று நிலையம் இல்லை.

அன்று அத்தாய்க்கு யாம் கூறியது இது: "மழை விட்டது இப்போது, விமானம் வந்தபோது விடவில்லை. 2013இல் திறந்த மத்தளை நிலையம் இருந்தமையால் உங்கள் மகன் நலமாக இறங்கினான்." அன்றிரவே மகனைக் கண்டு மகிழ்ந்தார் அவர்.

வானொலியில் "இடியுடன் மழை பெய்யக்கூடும்" எனக் கேட்டு நகைப்பார் பலர். "பெய்யும்" எனத் துணிந்து கூறல் எளிது. தன் அறிவின் எல்லையை அறிந்தவனே "கூடும்" என்பான். அச்சிறு சொல்லை மதித்தே அன்று ஒரு விமானம் திரும்பியது.