இறக்கை வறுவலும் உள்ளுறை வெப்பமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தாள். கோழி இறக்கை வறுவல் என் பொறுப்பு. தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்த ஒரு கிலோ இறக்கைகளில் மசாலாவைத் தடவி, அத்தனையையும் ஒரே ஈடாகச் சட்டியில் போட்டேன். சடசடக்க வேண்டிய எண்ணெய் முணுமுணுத்தது. கிடைத்தவை வெளிறிப்போன, தொளதொளத்த துண்டுகள்.

"அண்ணா, இது வறுத்ததா, அவித்ததா?" என்றாள் தங்கை.

பல ஆண்டுகளாக வகுப்பில் உள்ளுறை வெப்பம் நடத்துகிறவன் நான். அவள் கேட்டது சரியான இயற்பியல் கேள்வி!

வறுவலின் மணமும் பொன்னிறமும் எப்படி உண்டாகின்றன? இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் சூட்டில் வினைபுரிவதால் உண்டாகின்றன. 1912இல் இவ்வினையை விவரித்தவர் லூயி கமீல் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர். இது விரைந்து நடைபெற ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரமான பரப்போ, நீர் ஆவியாகித் தீரும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. குழம்பில் கிடக்கும் கோழி எவ்வளவு நேரம் கொதித்தாலும் முறுகுவதில்லை அல்லவா?

இனி, பென்சிலை எடுங்கள். 1 கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100க்கு உயர்த்த 70 கலோரி போதும். பிறகு அதை ஆவியாக்க 540 கலோரி வேண்டும்! சட்டியில் அரைக் கிலோ எண்ணெய் 180 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். எண்ணெயின் தன்வெப்பம் நீரினுடையதில் ஏறத்தாழப் பாதி. ஆகவே 250 கலோரியை இழந்தால் எண்ணெய் 1 டிகிரி குளிரும். இறக்கைகளில் ஒட்டியிருக்கும் 30 கிராம் நீர் ஆவியாக மட்டும் 16,200 கலோரி தேவை. அடுப்பு ஈடுகட்டாவிட்டால் 65 டிகிரி போயிற்று. 180 என்பது 115 ஆகிவிட்டது. இறைச்சியின் குளிர்ச்சியை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அடுத்த விருந்துக்கு முதல்நாள் இரவே இறக்கைகளை ஈரம்போகத் துடைத்து, உப்பும் மஞ்சளும் தடவி, குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் மூடாமல் வைத்தேன். காலையில் தோல் காகிதம்போல் உலர்ந்திருந்தது. ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு துண்டுகள்தான். மிதமான சூட்டில் முதலில் உள்ளே நன்றாக வேகவிட்டேன். தோலிலுள்ள கொல்லாஜன் என்னும் கடினப் புரதம் ஜெலாட்டினாக இளகுவதற்கு நேரம் வேண்டும். எலும்பருகே 74 டிகிரியாவது எட்டவேண்டும்; இல்லையேல் சால்மனெல்லா போன்ற கிருமிகள் தப்பிவிடும். பிறகு, தங்கை வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நன்கு காய்ந்த எண்ணெயில் இரண்டே நிமிடம் மறுபடி பொரித்தெடுத்தேன். இறக்கையில் தோலின் பங்கு அதிகம். அதனால் முறுகலும் அதிகம். மிளகாய்த்தூளை அப்போதுதான் தூவினேன். முன்பே போட்டால் அது கருகிக் கசக்கும்.

நீங்கள் செய்வதானால் பெரியவர் ஒருவர் துணையிருக்கட்டும். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்காகிறது. காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெறிப்பது அதனால்தான். பொரித்ததைச் சூட்டோடு மூடிவைக்கவும் வேண்டாம். மூடியில் படியும் நீராவி மீண்டும் நீராகிச் சொட்டும். பாடுபட்டு விரட்டிய ஈரம் திரும்பிவந்து தோலில் உட்கார்ந்துகொள்ளும்.