கோட்டைக்கு வருது கூட்டம்... கொல்லைக்கு வருமா காசு?

‘செஞ்சிக்கோட்டைக்கு உலகப் புகழ் கிடைச்சாச்சு. மல்லாட்டை போடுற எனக்கு அதனால என்ன லாபம்?’ செஞ்சிப் பக்கத்து விவசாயிகள் பலருக்கும் இருக்கும் கேள்வி இது.

2025 ஜூலை 11-ம் தேதி, மராத்தியர் ஆட்சியோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் உள்ளன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான்.

கோட்டை நுழைவுக் கட்டணம் மத்திய அரசின் தொல்லியல் துறைக்குப் போகிறது. உள்ளூருக்கு மிஞ்சுவது, வருபவர்கள் சாப்பிடவும் வாங்கவும் செய்கிற செலவுதான். சுமார் 800 அடி உயர ராஜகிரி மலையை ஏறி இறங்கினால் யாருக்கும் பசிக்கும். அந்தப் பசிக்கு வெளியூர் சிப்ஸ் பாக்கெட் போகிறதா, நம் கொல்லையில் விளைந்தது போகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கணக்குப் போடுங்கள்

10 கிலோ காயை உடைத்தால் சுமார் 7 கிலோ பருப்பு கிடைக்கும். வறுத்து, சொத்தை நீக்கினால் 100 கிராம் பாக்கெட் 65 வரை போடலாம். உடைகூலி, விறகு, பாக்கெட், வண்டிச் செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மூட்டையாக விற்ற விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சைக்காய் கிடைக்கும் பருவத்தில் அவித்தும் விற்கலாம். கொய்யா, நுங்கு, மோர் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

காணும் பொங்கல், கோடை விடுமுறை மட்டுமல்ல. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம், அமாவாசைக்கு மேல்மலையனூர் என மாதம் இரண்டு முறை செஞ்சி சாலையில் கூட்டம் போகிறது. தனியாளாகச் செய்வதைவிட மகளிர் குழுவாகச் சேர்ந்தால் வேலை பங்காகும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம். கோட்டைக்குள் அனுமதியின்றிக் கடை போட முடியாது.

நிலத்தில் கவனம்

பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். ‘லாட்ஜ் வருது, ரிசார்ட் வருது’ என்று தரகர் சொல்வதை நம்பி நிலத்தை விற்கும் முன்போ, கடன் வாங்கிக் கட்டும் முன்போ இதை விசாரித்துக்கொள்ளுங்கள். கொரோனா வந்த 2020-ல் நாடு முழுக்கக் கோட்டைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அப்போதும் சோறு போட்டது நிலம்தான். எனவே, சுற்றுலா வருமானம் ஊடுபயிராக இருக்கட்டும். விவசாயத்தை விட்டுவிடாதீர்கள்.

கோட்டைக்குப் போனால் அங்குள்ள நெற்களஞ்சியத்தைப் பாருங்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. எவ்வளவு உயரமான மதிலாக இருந்தாலும், உள்ளே தானியம் இல்லாமல் எட்டு ஆண்டு தாங்கியிருக்குமா?